நான்கு பேர் பார்க்கும் விமானம்

பினாங்கில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்த ஷமீனா, தனியாகத்தான் போவேன் என்று வீட்டில் சண்டை போட்டு ஜெயித்திருந்தாள். ஆனால் மலிவான டிக்கெட்டைத் தேடத் தேட விலை ஏறிக்கொண்டே போனது. போன் திரையில் சிவப்பெழுத்து துடித்தது: ‘கடைசி இரண்டு இருக்கைகள். இதே விமானத்தை இப்போது நான்கு பேர் பார்க்கிறார்கள்.’

“யாரு உம்மா அந்த நாலு பேரு? அவங்களுக்கு வேற நாளே கிடைக்கலையா?” என்று அழாத குறையாகக் கூடத்துக்கு ஓடினாள்.

சோபாவில் உம்மா, வாப்பா, மாமா, தம்பி நால்வரும் ஆளுக்கொரு போனில் அதே விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எல்லாரும் மூடுங்க!”

மற்றவர்கள் உடனே போனைக் கவிழ்த்தார்கள். வாப்பா மட்டும் வியர்த்துப்போய் நிமிர்ந்தார்.

“எவனாவது எடுத்துரப் போறான்னு நானே போட்டுட்டேம்மா. கேன்சல் பண்ணா பணம் வராதாம்.”

“நல்லதாப் போச்சு. என் பாஸ்போர்ட் நம்பர் எப்படித் தெரியும்?”

வாப்பா போனை மெல்லத் திருப்பிக் காட்டினார். பயணியின் பெயர் உஸ்மான் அலி.

“அவசரத்துல என் நம்பர்தான் ஞாபகம் வந்துச்சு.”

ஷமீனா அவரையே முறைத்துப் பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சமிருந்த இருக்கையை வாங்கினாள்.

“ஜன்னல் சீட்டு நீயே வச்சுக்க” என்றார் வாப்பா, மிகத் தாராளமாக.