மஞ்சள் பூசிய வண்டி

பட்டறை மேசையில் பழைய கார்ப் படங்கள் பரந்து கிடக்க, ரசிகர்கள் தேநீரோடு பெருமையையும் சேர்த்தே ஆற்றுகிறார்கள். துணிக்கடைக்காரர் மட்டும், தங்கை கணவர் கொண்டுவந்த படக்கட்டிலிருந்து நழுவி விழுந்த ஒரு படத்தைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். காருக்குப் புது மஞ்சள் பூச்சு. ஆனால் வட்ட விளக்குக்கு ஜோடியாக ஒரு சதுர விளக்கு. அப்பா லாரியிலிருந்து கழற்றி மாட்டிய அந்த ஒட்டுவேலை உலகத்தில் வேறெந்த வண்டிக்கும் கிடையாது. “மாப்பிள்ளை, அப்பா வண்டி பழைய இரும்புக்குப் போயிடுச்சுன்னீங்களே! நான் அன்னிக்குச் சாப்பிடக்கூட இல்லையே!” “பெயின்ட் அடிச்சவர் விளக்கையும் மாத்தியிருக்கலாம் சார்!” என்று யாரோ சிரிக்கிறார். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். “நான் சொல்லத்தான் நெனச்சேன் மச்சான். உங்க தங்கச்சிதான் வேணாம்னுட்டா.” துணிக்கடைக்காரர் படத்தை ஜன்னல் பக்கம் சாய்க்கிறார். படத்தின் மேல் படிந்திருந்த பளபளப்பு விலகுகிறது. ஓட்டுநர் இருக்கையில், அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, தங்கை வாய்விட்டுச் சிரிக்கிறாள்.