பதினோரு ஊதாக் கல்

“இன்னும் பதினெட்டு மணி நேரம்தான் இருக்கு. இப்பப் போய் நிறம் தப்புன்னா நான் என்னம்மா பண்றது?” மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“நான் ஊதா கேட்டேன். இது கத்தரிப்பூ,” என்றார் அம்மா. குரல் உயரவில்லை. இறங்கியும் வரவில்லை.

மேசைமேல் பதினோரு கற்கள் பதித்த வெள்ளி அட்டிகை கிடந்தது. பட்டை தீட்டாத கற்கள். மேலே குமிழாகவும் அடியில் தட்டையாகவும் வழவழவென்று இருந்தன. மௌனி அதற்கு இருபது நாள் உழைத்திருந்தாள். அதிகம் பேசமாட்டாள் என்பதால் அண்ணன் வைத்த பெயர் அது. வேதியியல் படித்து முடித்தவள், அண்ணனுடைய நகைப் பட்டறையில் ஒரு மேசையை ஆறு மாதத்துக்குக் கேட்டு வாங்கியிருந்தாள். ஆறு மாதம் நாளையோடு முடிகிறது. இது அவளுடைய முதல் கல்யாண நகை. இது வேண்டாமென்று போய்விட்டால் மேசையை விட்டுவிட்டு மருந்துக் கம்பெனி வேலைக்குப் போவதாக வீட்டில் பேச்சு.

“போன்ல ஊதான்னுதான் சொன்னாங்க,” என்றாள் மௌனி, கல்லிடம் சொல்வதுபோல.

“சொன்னது நான்தான். அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன்,” என்றாள் மகள். “எங்கம்மா அகராதியில நீலத்துக்குப் பேரு ஊதா. பொறந்ததுலேர்ந்து கேக்கறேன். இருந்தும் அவசரத்துல கோட்டை விட்டுட்டேன்.”

“பேனாவுக்கு ஊதா மைதானே ஊத்துறோம்? அது என்ன, கத்தரிக்காய் நிறத்துலயா எழுதுது?”

“வானவில்லுல முதல்ல வர்றது ஊதாம்மா. நீலம் தனி. வேணும்னா இவங்களைக் கேளு.”

மௌனிக்கு இரண்டு நிறங்களின் அலைநீளமும் மனப்பாடம். வாய்தான் வரவில்லை.

“வானவில்லை யாரு கட்டிக்கப் போறா? புடவை நீலம். கல்லும் நீலமா இருக்கணும்.”

“இதுவும் அழகாத்தானே இருக்கு?”

“அழகா இருக்கு. எனக்குப் பிடிக்கலை.”

கல்யாணம் யாருக்கு, அடம் யாருக்கு என்று மௌனி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மகளின் கைபேசி அடித்தது. “மாப்பிள்ளை சார்,” என்றாள் திரையைப் பார்த்து. “காலையிலேர்ந்து நாலாவது தடவை.”

“அப்புறம் பேசலாம்னு சொல்லு.” அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மெருகுச் சக்கரத்தை நிறுத்திவிட்டு அண்ணன் வந்தான். “கல்லைக் கழட்டலாம். ஆனா கல்லைப் பிடிச்சிருக்கற வளையம் கிழிஞ்சிடும். மறுபடி செய்ய மூணு நாளாகும்மா.”

மௌனி அட்டிகையைக் கவிழ்த்தாள். வெளிச்சம் ஊடுருவட்டும் என்று வளையங்களுக்கு அடித்தகடு வைக்காமல் விட்டிருந்தாள். பதினோரு தட்டை முதுகுகள் அவளைப் பார்த்தன. டப்பாவைத் திறந்து அதே அளவில் ஒரு நீலக் கல்லை எடுத்தாள். அதன் தட்டையை இதன் தட்டைமேல் வைத்தாள். முதுகோடு முதுகு ஒட்டி, இரண்டும் சேர்ந்து ஒரு கோலிக்குண்டு ஆனது.

“ஒரு மணி நேரம் உக்காருங்க,” என்றாள். சக்கரம் ஓடியிருந்தாலும் கேட்டிருக்கும்.

அண்ணன் புருவத்தைத் தூக்கினான். “அட, பேசுது.”

நீலம் மறுபக்கம் தெரியாமலிருக்க நடுவில் வெள்ளித் தாளை வட்டமாக வெட்டி வைத்தாள். பசை தடவினாள். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. டப்பா காலி.

பத்துதான் இருந்தது.

மௌனி அண்ணனைப் பார்த்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தான். அதில் தொங்கியது அவள் முதன்முதலில் செய்துகொடுத்த நீலக் கல். “கோணலா செஞ்சு வச்சிருக்க. எடுத்துக்கோ, எனக்கும் விடுதலை,” என்றான். கழற்றும்போது மட்டும் மெதுவாகக் கழற்றினான்.

பசை இறுகுவதற்குள் டீ வந்தது.

“குடிம்மா. காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை. நாளைக்கு நீ மயங்கி விழுந்தா எனக்குத்தான் கெட்ட பேரு.”

“பசிக்கலைடி.”

“எப்படிப் பசிக்கும்?” மகள் குறும்பாகச் சிரித்தாள். அம்மா அவள் தொடையில் கிள்ளினார்.

ஒரு மணி நேரம் ஆனதும் மௌனி அட்டிகையை அம்மாவின் கையில் வைத்தாள். அம்மா பார்த்தார். நீலம். திருப்பினார். கத்தரிப்பூ. மறுபடியும் திருப்பினார். பிறகு விளையாட்டுச் சாமான் கிடைத்தவர்போலத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

“இந்தப் பக்கம் என் ஊதா, அந்தப் பக்கம் உன் ஊதா,” என்றார் மகளிடம். “இனிமே சண்டையே வராது.”

“மேசை உனக்கேதான்,” என்றான் அண்ணன், மௌனியின் காதில். “சாவிக்கொத்துக்கு மட்டும் புதுசு வேணும்.”

மௌனிக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. அட்டிகையை வாங்கிக்கொண்டு மகளின் பின்னால் போய் நின்றாள். “கல்யாணப் பொண்ணு ஒரு தடவை போட்டுப் பாத்துடுங்க. நீளம் சரி பண்ணணும்னா இப்பவே பண்ணிடலாம்.”

மகள் சிரித்துக்கொண்டே விலகினாள். அம்மாவின் பின்னால் போய், கழுத்தில் விழுந்திருந்த நரைமுடியை மெல்ல ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

“இங்க போடுங்க,” என்றாள் மகள். “நாளைக்குக் கல்யாணம் எங்கம்மாவுக்கு.”