ஜன்னல் சின்னம்

"தாண்டவராயண்ணே, லெஃப்ட்ல ஒடிங்க. சேரப்பணஞ்சேரிக்குள்ள ஒரே ஒரு ரவுண்டு."

பிரசார ஆட்டோவின் பின்ஸீட்டில் ரேணுகா அவசரத்தில் பறந்தாள். கையில் மைக். லாரிப் புழுதிக்காகக் கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றிய துப்பட்டா.

"இன்னாம்மா நீ? பிரசாரம் முடியற நேரம். அதுக்கு மேல மைக்கு கத்துனா போலீஸ் வண்டியத் தூக்கிடும்" என்றார் டிரைவர்.

"மறுபடியும் அந்தப் பச்சை வீடா?" பக்கத்தில் ஹேமந்த் சிரித்தான். இருவரும் ஒரே வகுப்பு. அரசியலைப் புத்தகத்தில் படித்தால் போதாதென்று சுயேச்சை வேட்பாளர் ஒருவருக்கு ஓட்டுக் கேட்கக் கிளம்பியவர்கள். "வாசல்ல வேற கட்சிக் கொடி பறக்குது. அங்க ஒரு ஓட்டுகூடத் தேறாது."

"தேறாட்டிப் போவுது. அந்தக் கதவு ஒரு தரம் திறந்தா போதும்."

"போன வாரம் ஜன்னல் சின்னத்துக்கு ஓட்டுக் கேட்டோம். அந்தாளு ஜன்னலையே அறைஞ்சு சாத்துனான்" என்று முனகிக்கொண்டே தாண்டவராயன் வண்டியை ஒடித்தார்.

பச்சை வீடு. சாத்திய கதவு. போன வாரம் வாசலில் நின்ற பைக்கை மட்டும் இன்று காணோம்.

தெருத்தெருவாகக் கணீரென்று ஒலித்த ரேணுகாவின் குரல் இங்கே கரகரத்தது.

"அன்பார்ந்த தாய்மார்களே... உங்கள் வீட்டுப் பிள்ளை... உங்கள் வாசல் தேடி வந்திருக்கிறது..."

"வேட்பாளர் பேரைச் சொல்லுடி" ஹேமந்த் கிசுகிசுத்தான்.

அவள் சொல்லவில்லை. 'தாய்மார்களே' தேய்ந்து 'தாயே' ஆனது. "உங்கள் வீட்டுப் பிள்ளை தாயே... வாசல்ல நிக்குது..."

கதவு அசையவில்லை.

"நேரமாச்சு, போலாம்." தாண்டவராயன் வண்டியைக் கிளப்பியபோது தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

கையில் ஆரத்தித் தட்டுடன் ஓர் அம்மாள் ஓடி வந்தாள். ஹேமந்த் குதித்து இறங்கினான். ஒரு ஓட்டு விழுந்துவிட்டது.

"அம்மா, வேட்பாளர் இதுல இல்ல. பின்னாடி ஜீப்புல வர்றாரு. அவருக்கு எடுங்க."

அந்த அம்மாள் அவனை விலக்கிவிட்டு ஆட்டோவுக்குள் குனிந்தாள். ரேணுகாவின் துப்பட்டாவைக் கீழே இழுத்தாள்.

"அவருக்கு எதுக்குப்பா ஆரத்தி? போன வாரம் இந்தக் குரலைக் கேட்டதுலேர்ந்து, இவ அப்பா ஷிப்டுக்குப் போன நேரமா மறுபடி வருமான்னு பாத்துக்கினு இருந்தேன். கல்யாணத்துக்கு மொத நாள், படிக்கணும்னு வூட்ட வுட்டு ஓடுனவ இவ... இறங்குடி."