பாவாடையில் மூன்று கோடு

சித்திரபுரத்துச் சபையில் பாடும் பிள்ளைகளுக்கு அலங்காரமில்லாத வெள்ளை உடுப்புதான். தையல்காரி சாராளின் மகள் பாவாடையில் மூன்று கோடுகளைக் கண்ட பாஸ்டரம்மா எல்லார் முன்னாலும் கேட்டார்.

"சபைக்கு என்னடி பார்டரு?"

"பார்டர் இல்லம்மா. பிள்ள வளர வளர மடிப்பப் பிரிச்சு விட்ட தடம்."

"அடுத்த ஞாயிறும் இதோட வந்தா உம் பிள்ளைக்குப் பாட்டு கிடையாது."

எலுமிச்சை தேய்த்தும் கோடு போகவில்லை. சனிக்கிழமை பாஸ்டரம்மாவே சாராள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். பையிலிருந்து புது வெள்ளைத் துணியை எடுத்தார்.

சாராளுக்குக் கண் கலங்கியது. "எம் பிள்ளைக்காம்மா?"

"எம் மகளுக்குடி. அந்த மூணு கோடு வேணும்னு ஒரே அழுக. வச்சுத் தச்சுக் குடு."

"அது பிள்ள வளந்தாத்தானேம்மா வரும்!"

"மூணு வருசம் யாரு காத்திருக்க? நாளைக்கு ரெண்டு பேரும் சேந்து பாடணும்."