வியாழக்கிழமைக்கு ஒரு கதை

“இதெல்லாம் ஒரு கதையாடா?”

கேட்டுவிட்டு அக்கா பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள்.

இடது கையில் இரண்டு ஊசி. பக்கத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் இப்படித்தான். இரண்டு நாள் அத்தான் கொண்டுவந்து விடுவார். வியாழக்கிழமை தம்பியின் முறை.

“வேலைக்கு நடுவுல எழுதறேன்க்கா. ஏதோ வருது.”

“ஏதோ வர்றதை எனக்கு எதுக்குப் படிக்கறே? அடுத்த வாரம் வேற எழுதிட்டு வா. நாலு மணி நேரம் சும்மா கிடந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்.”

தம்பி லிஃப்ட் மெக்கானிக். கதை எழுதப் போகிறேன் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன். கல்யாணம் முடியட்டும், பிள்ளைகள் வளரட்டும், மனசு கூடி வரட்டும் என்று தள்ளித் தள்ளிப் போட்டதில் ஏழு நோட்டு சேர்ந்தது. ஏழிலும் முதல் பக்கத்தில் பேரும் தேதியும் மட்டும் அழகாக இருக்கும்.

அக்கா இந்தப் படுக்கைக்கு வந்த முதல் வியாழனே கட்டளை போட்டுவிட்டாள். “போனை நோண்டாதே. ஒரு கதை சொல்லு. உன்னோட சொந்தக் கதை. வாராவாரம் புதுசா இருக்கணும்.”

நோயாளி கேட்டால் எப்படி மாட்டேன் என்பது?

மத்தியான சாப்பாட்டு நேரத்தில், மொட்டைமாடி மோட்டார் ரூமில், டூல் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு எழுதினான். முதல் பத்துக் கதையிலும் கடைசியில் யாராவது செத்துப்போனார்கள்.

“சாகக் கிடக்கறவகிட்ட வந்து சாவைப் படிக்கறியே, நீ உருப்படுவியா?”

அதற்கப்புறம் யாரையும் சாகடிக்கவில்லை. நடு வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தான். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆன கை, இப்போது ஒரு மணி நேரத்தில் எழுதியது. பொய்யாகப் பட்ட வரியைத் தானே அடித்தது.

எட்டு மாசம் ஆகியும் அக்கா வாயிலிருந்து ‘சுமார்’ என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை. அது கூடப் பரவாயில்லை, கேட்டுக்கொண்டே விடுகிறாளே அந்தக் கொட்டாவி, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

“உங்க அக்காவுக்கு இரக்கமே கிடையாதா? நாள் பூரா மாடிப்படி ஏறி இறங்கற மனுஷனை இப்படியா பிழியறது?” மனைவி பொருமினாள்.

அந்த வாரம் மூன்று கட்டடத்தில் லிஃப்ட் படுத்துவிட்டது. இடுப்பு ஒடிந்துபோனது. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று வியாழக்கிழமையும் வந்துவிட்டது. ஒரு வரி கூட எழுதவில்லை.

அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு போனான். உள்ளே அக்காவுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக இருக்கும் நர்ஸ் படுக்கைக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். அக்காவிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் அவளிடம் சொன்னான்.

“சிஸ்டர், இன்னைக்குக் கதை இல்லை. இனிமேலும் இல்லை. என்னால முடியலை. எழுதினதும் ஒண்ணும் தேறலை. ஆனா அக்காவை நினைச்சாத்தான் பாவமா இருக்கு, நாலு மணி நேரத்தை எப்படித்தான் ஓட்டப் போறாளோ! டிவியாவது போட்டு விடுங்க.”

நர்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“டிவியா? மத்த ரெண்டு நாளும் ஊசி போட்டதும் தூங்கறவங்க, ஊசி எடுக்கும்போதுதான் முழிப்பாங்க. வீட்ல ராத்திரியெல்லாம் கால் குடைச்சல் சார், பொட்டுத் தூக்கம் கிடையாது. அவங்களுக்குத் தூக்கம்னு ஒண்ணு கிடைக்கறதே இந்தப் படுக்கையிலதான்.”

“அப்போ... வியாழக்கிழமை மட்டும்?”

நர்ஸ் தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டுச் சொன்னாள்.

“ ‘கண்ணு சொக்கினா கையைக் கிள்ளி எழுப்பிடு சிஸ்டர், நான் தூங்கிட்டா அவன் நாளைக்குப் பார்த்துக்கலாம்னு நோட்டை மூடிடுவான், அப்புறம் திறக்கவே மாட்டான்’னு முதல் வாரமே எங்கிட்ட சொல்லி வச்சுட்டாங்க சார்.”