ஜன்னலுக்கு அளவு

தையல்காரியான அக்கா ஸ்டூலில் ஏறி நின்று, தங்கையின் புது வீட்டு ஜன்னலுக்குத் திரை அளவெடுக்கிறாள். காலை வெயில் வெறுந்தரையில் சதுரமாகக் கிடக்கிறது. கணவர் உயிரோடு இருந்தபோது அவரோடு தெருவில் நின்று இந்த ஜன்னலை அக்கா எத்தனை நாள் பார்த்திருக்கிறாள். "விலைக்கு வந்தா விடக்கூடாது" என்பார் அவர். போன மாதம் இந்த வீட்டின் பழைய வீட்டுக்காரம்மா தைக்கக் கொடுத்த திரைத்துணியை, வெட்டுவதற்கு முன்பே திருப்பி வாங்கிப்போனாள். "திடீர்னு வேணாங்கிறாங்கடி" என்று தங்கையிடம் போனில் அலுத்துக்கொண்டது அக்காதான். திரை வேண்டாமென்றால் வீட்டையே விற்கப்போகிறார்கள் என்பது தங்கைக்குத்தான் உறைத்தது. விற்பனைப் பலகை மாட்டுவதற்குள், அன்று சாயங்காலமே போய்ப் பேசி முடித்துவிட்டாள். "உன் வாய்க்குச் சர்க்கரைதான்கா போடணும். நீ சொல்லலேன்னா எங்களுக்கு எங்க தெரியப்போகுது?" சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி தங்கை சிரிக்கிறாள். "இது படுக்கையறை. விடிஞ்சதும் மூஞ்சில வெயில் அடிச்சா அவருக்கு ஆகாது. நல்லா பாத்து அளந்துடுக்கா." "எனக்குத் தெரியாதாடி?" என்கிறாள் அக்கா. எட்டிப் பார்த்தால் தெரு தெரிகிறது, அவளும் கணவரும் வழக்கமாக நின்ற இடமும் தெரிகிறது. டேப்பின் மேல் அவள் கட்டைவிரல் ஐம்பத்திரண்டில் அழுந்தி நிற்கிறது. பென்சிலோடு காத்திருக்கும் தங்கையைத் திரும்பிப் பார்க்காமலே, "நீளம் ஐம்பது, எழுதிக்கோ" என்கிறாள்.