ஒற்றைப் போர்வை

"சுத்துது மேடம். ஆனா சுத்த மாட்டேங்குது!"

சலவை இயந்திர நிறுவனத்தின் உதவி மையத்தில், ஜன்னலோர இருக்கையில் இருந்த அவள் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைச் சரிசெய்துகொண்டாள். எதிர்முனைக் குரலைக் கேட்டதும் முதுகு தானாக நிமிர்ந்தது.

"கொஞ்சம் புரியுற மாதிரி சொல்றீங்களா சார்?"

"துவைக்கும்போது மெதுவா, நல்லாத்தான் சுத்துது. கடைசியில பிழியறதுக்கு வேகமா சுத்தணும்ல? அங்க வந்ததும் நாலு ஆட்டம் ஆடிட்டு, முக்கிக்கிட்டு நின்னுடுது. ஆபீசுக்கு லீவு போட்டுட்டு, காலையிலேர்ந்து உங்களுக்குப் பதினோரு தடவை அடிச்சிட்டேன். யார் யாரோ எடுத்தாங்க. அவங்களால எல்லாம் ஆகாது மேடம்."

உதவி மையத்தில் இரண்டு விதிகள் உண்டு. ஓர் அழைப்பு ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஆனால், வாடிக்கையாளர் வைப்பதற்கு முன் பணியாளர் வைத்துவிடக் கூடாது. முதல் விதியை அந்த வாரத்தில் அவள் இரண்டு முறை மீறியிருந்தாள். இன்னொரு முறை மீறினால் அடுத்த மாதம் முழுக்க இரவுப் பணிதான். அதைக் கண்காணிக்கவே, 'கடிகார அக்கா' என்று பெயரெடுத்த மேற்பார்வையாளர் வரிசைகளுக்கிடையே உலவிக்கொண்டிருந்தார்.

"தண்ணி வெளிய போற குழாய் மடங்கியிருக்கா பாருங்க சார்."

"இல்ல மேடம், நேரா இருக்கு."

"வேகத்தைக் குறைச்சு வச்சிருக்கீங்களா?"

"கூட்டித்தான் வச்சிருக்கேன்."

"வலது முன்னங்காலுக்குக் கீழ அட்டை மடிச்சு வச்சிருப்பீங்களே, அது நழுவியிருக்கும். பாருங்க."

"அட, நழுவித்தான் கிடக்கு! எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?"

"எல்லா வீட்டுலயும் அப்படித்தான் சார்," என்றாள் அவசரமாக. "அட்டையைத் தூக்கிப் போட்டுட்டு, காலைத் திருகி மட்டம் பண்ணுங்க."

திருகும் ஓசை கேட்டது. இயந்திரம் கிளம்பியது. 'தடம் தடம்' என்று இரண்டு உலுக்கு. பிறகு அமைதி.

"மறுபடியும் நின்னுடுச்சு மேடம். பொத்தானை அமுக்கினா மிஷினே எல்லாத்தையும் பாத்துக்கும், துவைக்கிறதெல்லாம் ஒரு வேலையான்னு நினைச்சிட்டேன்."

"அப்படின்னு யார் சொன்னது?" அவள் குரலில் மரியாதை ஒரு படி இறங்கியிருந்தது.

"ஒரு மடையன் சொன்னான் மேடம். போன ஞாயித்துக்கிழமை. அஞ்சு நாளா அனுபவிக்கிறான்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நிமிடம் ஐந்தைத் தாண்டியது. கடிகார அக்கா அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, உடன் கேட்கும் கருவியைத் தம் காதில் வைத்துக்கொண்டார்.

"உள்ள என்னென்ன துணி போட்டிருக்கீங்க சார்?"

"ஒண்ணே ஒண்ணுதான். தடிமனான நீலப் போர்வை. சாயங்காலத்துக்குள்ள காயணும் மேடம். போர்த்திக்கிற ஆளு வந்தா வேணுமே!"

"அங்கதான் சார் கோளாறு. மிஷின் மேல தப்பில்ல. கனமான துணி ஒண்ணை மட்டும் போட்டா அது ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்துக்கும். எடை சமமா இல்லேன்னா வேகமா சுத்தாது. உங்க போர்வை இருக்கும்ல, அதையும் நனைச்சு எதிர்ப்பக்கமா போடுங்க."

"அப்ப, ஒத்தையா இருந்தா ஓடாதுங்கிறீங்க."

"ஓடாது சார்."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு மேடம்."

சற்று நேரத்தில் தொலைபேசிக்குள் விமானம் கிளம்புவதுபோல ஓர் இரைச்சல் எழுந்து, ஏறி, சீராகத் தொடர்ந்தது. அவள் முகம் மலர்ந்தது.

"சரியாயிடுச்சுல்ல? அப்ப வச்சிடுங்க சார். நாங்களா வைக்கக் கூடாது."

"தெரியும் மேடம். வேற நம்பர்ல அடிச்சா, என் குரலைக் கேட்டதுமே வச்சிடுறாங்க. எதுக்கும் நேர்ல ஒரு தடவை வந்து பாத்துட்டா நல்லது."

"மெக்கானிக்கை அனுப்பச் சொல்லவா?"

"மெக்கானிக் எதுக்கு? நீங்களே வாங்க."

கடிகார அக்காவுக்குப் பொறுக்கவில்லை. தம் கருவி வழியாகவே குறுக்கிட்டார். "என்னய்யா பேச்சு இது? வேலை பாக்குற பொண்ணுகிட்ட இப்படித்தான் பேசுவியா? எல்லாம் பதிவாகுது, தெரியுமா?"

"நல்லா பதிவாகட்டும் மேடம். மடையன்னு சொன்னது தெளிவா விழுந்திருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க." இணைப்பு அறுந்தது.

"கொழுப்பைப் பாரேன்! இவன் மேல ஒரு புகார் எழுதும்மா. பத்து நிமிஷமும் இவனாலதான் போச்சு. உன் கணக்குல இதைச் சேக்க மாட்டேன்."

"புகாரெல்லாம் வேண்டாங்க்கா. கோளாறு தீந்துபோச்சு."

அவள் திரையில் முடிப்புப் படிவத்தைத் திறந்தாள். கோளாறு: எடை ஒரு பக்கம் சாய்ந்தது. தீர்வு: இரண்டாவது போர்வை. நேரில் செல்ல வேண்டுமா: ஆம், இன்று மாலை ஆறு மணி.

'செல்பவர்' என்ற கட்டத்தில் விரல்கள் ஒரு கணம் தயங்கின. பிறகு, சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டினாள்: 'வாடிக்கையாளரின் மனைவி.'